வகுப்புக் கட்டணமும் கடைசித் திகதியும்

மீள்திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பில் தங்கள் இடத்தைத் தக்கவைத்துக் கொள்வதற்கு

கலஹா பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் தமிழ்நாட்டு முகாமில் வாங்கிய சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், கண்டி நகரிலுள்ள தனியார் நிறுவனம் ஒன்றின் கட்டண அட்டை. மகள் அங்கே கணினி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தவணைக் கட்டணம் மூன்று வாரம் பிந்திவிட்டது. பணத்தைத் திரட்டிக்கொண்டு போனபோது, அந்தத் தவணைப் பரீட்சைக்குரிய பெயர்ப் பட்டியல் ஏற்கனவே அனுப்பப்பட்டிருந்தது. மகளின் பெயர் அதில் இல்லை.

"படிப்புத்தானே மிஸ், கொஞ்சம் பிந்தினா என்ன செய்யப் போறாங்கன்னு நெனச்சோம். காசு இல்லாம போய் நிக்கவும் வெக்கமா இருந்திச்சு" என்றார் தாய்.

அந்த மகள் அடுத்த பிரிவோடு மறுபடியும் சேர்ந்துகொண்டார். ஆனால் ஆறு மாதம் வீணானது; மீள்பதிவுக் கட்டணமும் சேர்ந்தது. நாங்கள் அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் பேசியபோது அவர்கள் சொன்னது இதுதான்: திகதிக்கு முன்னர் ஒரு கடிதம் தந்திருந்தால் பெயரைப் பட்டியலில் வைத்திருப்போம்.

இப்படியான கதைகளை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். பணம் குறைவாக இருப்பதால் மட்டும் பிள்ளைகள் இடத்தை இழப்பதில்லை. பணம் பிந்தும் என்பதை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லாததால்தான் பலர் இழக்கிறார்கள். கட்டணத்தை எப்படித் திட்டமிடுவது, எப்படிச் செலுத்துவது, முடியாமல் போனால் என்ன செய்வது என்பவற்றை இந்தப் பகுதி விளக்குகிறது.

ஏன் நம் குடும்பங்களுக்கு இது புதிது?

1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது கண்டி, மாத்தளை, நுவரெலியா பகுதிகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பல. சிலர் வவுனியா, கிளிநொச்சி பக்கம் போனார்கள். சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அன்று வெளியேறிய பெரியவர்களின் நினைவில் இலங்கையில் படிப்பு என்றால் இலவசம். அது சரியான நினைவுதான். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை என்பதே அதன் அடிப்படை.

பிள்ளைகளின் நினைவு வேறு. தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் அரசாங்கப் பள்ளிக்கூடம். கல்லூரிக்குப் போனவர்களில் பலருக்கு உதவித்தொகையோ தொண்டு நிறுவனமோ கைகொடுத்தது. கட்டணச் சீட்டைப் பெற்றோர் நேரில் பார்த்தது குறைவு.

இன்று கண்டியில் நிலைமை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அரச பாடசாலையும் அரச பல்கலைக்கழகத்தின் உள்வாரிப் படிப்பும் இன்னமும் இலவசம்தான். ஆனால் டியூஷன் வகுப்பு, பகுதிநேர டிப்ளோமா, தனியார் நிறுவனம், வெளிவாரிப் பட்டம் ஆகியவற்றுக்குக் கட்டணம் உண்டு. கட்டணம் இருக்கும் இடத்தில் திகதியும் இருக்கும்.

முதலில் பாருங்கள்: கட்டணமில்லாத வழி உண்டா?

எந்த நிறுவனத்துக்கும் பணம் கட்டுவதற்கு முன்னர், அதே படிப்பை அரச நிறுவனத்தில் இலவசமாகப் படிக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

அரச பாடசாலை: 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். வகுப்புக் கட்டணம் இல்லை. பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கென்று ஒரு தொகை கேட்கப்படலாம். அதைக் கட்ட முடியாவிட்டால் பிள்ளையை வீட்டில் நிறுத்தாமல் நேரே அதிபரைச் சந்தியுங்கள்.

தொழில்நுட்பக் கல்லூரி: கண்டியில் தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் கல்லூரி இருக்கிறது. முழுநேரப் பாடநெறிகள் பெரும்பாலும் கட்டணமின்றி நடக்கின்றன. பகுதிநேரப் பாடநெறிகளுக்குக் கட்டணம் உண்டு.

உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம்: உயர்தரம் சித்தியடைந்தவர்கள் கணக்கியல், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். இதற்கும் கண்டியில் நிலையம் உண்டு. இங்கும் முழுநேரப் படிப்பு இலவசம். வார இறுதியில் நடக்கும் பகுதிநேரப் படிப்புக்குக் கட்டணம்.

தொழிற்பயிற்சி அதிகாரசபையும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையும்: மின்னிணைப்பு, வாகனத் திருத்தம், தையல், ஹோட்டல் துறை போன்ற தொழில்களில் பயிற்சி தருகின்றன. வேலைத்தளத்திலேயே பழகும் பயிலுநர் பயிற்சியும் உண்டு.

இவை வழங்கும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. "கம்பஸ் கிடைக்கவில்லை, இனிப் படிப்பு முடிந்தது" என்று சோர்ந்துபோகும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கட்டணமில்லாப் பாடநெறிக்கும் ஒரு திகதி உண்டு. அது விண்ணப்ப முடிவுத் திகதி. பத்திரிகையிலும் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையிலும் விளம்பரம் வரும். பணம் தேவையில்லை என்பதற்காகத் திகதியைத் தவறவிட்டால் இடம் போய்விடும்.

கட்டணம் எங்கெங்கே, எப்படி?

டியூஷன் வகுப்பு: கண்டி, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டி என்று எங்கு பார்த்தாலும் வகுப்புகள். மாதக் கட்டணம் கட்டியதும் வகுப்பு அட்டையில் அடையாளமிடுவார்கள். அந்த அட்டைதான் உங்கள் பற்றுச்சீட்டு. வறுமையான பிள்ளைகளுக்குப் பல ஆசிரியர்கள் "ஃப்ரீ கார்ட்" அல்லது அரைக் கட்டணம் தருகிறார்கள். அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வகுப்பு முடிந்த பின்னர் தனியாகப் போய்ப் பேசுங்கள்.

திறந்த பல்கலைக்கழகம்: 1980 இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு இது ஏற்றது. அரச பல்கலைக்கழகமாக இருந்தாலும் இங்கே கட்டணம் உண்டு. ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் பதிவு செய்ய வேண்டும். முதல் வருடம் பதிந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது.

வெளிவாரிப் பட்டம்: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் படிப்பவர்களுக்கு வகுப்புக் கட்டணம் இல்லை. வெளிவாரியாகப் பதிபவர்கள் பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் செலுத்த வேண்டும். இரண்டுக்கும் தனித்தனித் திகதிகள்.

தனியார் நிறுவனம்: பதிவுக் கட்டணம், தவணைக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சில இடங்களில் சான்றிதழுக்கும் பட்டமளிப்புக்கும் தனிக் கட்டணம். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தவணைத் தொகை மட்டுமே.

பொதுப் பரீட்சை: க.பொ.த. சாதாரண தரத்தையோ உயர்தரத்தையோ பாடசாலை மூலம் அல்லாமல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுபவர்கள் பரீட்சைத் திணைக்களத்துக்குக் கட்டணம் செலுத்தி, அறிவிக்கப்பட்ட திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து திரும்பிய பிள்ளைகளில் பலர் இந்த வகையில்தான் பரீட்சை எழுதுகிறார்கள்.

சேர்வதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள்

கீழே உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிலையும் அதே தாளில் எழுதுங்கள்.

1. நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டுள்ளதா? பதிவிலக்கம் என்ன? பட்டப்படிப்பு என்றால் அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா?
2. தொடக்கத்திலிருந்து சான்றிதழ் கைக்கு வரும்வரை மொத்தச் செலவு எவ்வளவு?
3. எத்தனை தவணை? ஒவ்வொன்றுக்கும் கடைசித் திகதி எது?
4. பிந்தினால் தாமதக் கட்டணம் எவ்வளவு? எத்தனை நாள் பிந்தினால் பெயர் நீக்கப்படும்?
5. இடையில் நோய், வேலை இழப்பு போன்ற காரணங்களால் படிப்பை ஒத்திவைக்கலாமா? திரும்பி வரும்போது பழைய கட்டணமா, புதிய கட்டணமா?
6. விலகினால் எந்தப் பகுதி திருப்பித் தரப்படும்?
7. என் பிள்ளையின் இந்தியச் சான்றிதழை ஏற்றுக்கொள்கிறீர்களா?

ஏழாவது கேள்வி நமக்கு மிக முக்கியம். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பிள்ளையை வாயால் "சரி, சரி" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, சான்றிதழ் வழங்கும் நேரத்தில் சிக்கல் வந்தால் கட்டிய பணத்துக்கு யார் பொறுப்பு? ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுத்தில் வாங்கிய பின்னர் பணம் கட்டுங்கள்.

ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், வாசித்து விளங்கப்படுத்தக்கூடிய ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டாம். "நாளைக்குக் கொண்டுவந்து தருகிறோம்" என்று சொல்லி வாங்கி வரலாம். எங்கள் அலுவலகத்திலும் வாசித்துச் சொல்வோம்.

திகதியில் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

நிறுவனங்கள் நம்மை வதைப்பதற்காகத் திகதி வைப்பதில்லை. வகுப்பு தொடங்கியதும் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று பார்த்துத்தான் விரிவுரையாளரையும் ஆய்வுகூட இடத்தையும் ஒதுக்குகிறார்கள். பரீட்சையை வேறொரு சபை நடத்தினால், பெயர்ப் பட்டியலை அந்தச் சபைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். பட்டியல் போன பின்னர் ஒரு பெயரைச் சேர்ப்பது நிறுவனத்தின் கையிலும் இல்லை. அரச நிறுவனமாக இருந்தால் காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு பிள்ளை நிற்கும். பதியாத இடம் அந்தப் பிள்ளைக்குப் போகும்.

ஆகவே திகதிக்கு முந்திய நாள் பேசினால் கேட்பவருக்கு உதவ வழி இருக்கும். திகதிக்கு அடுத்த வாரம் பேசினால், மனம் இருந்தாலும் வழி இல்லாமல் போகலாம்.

குடும்பக் கணக்கு: ஓர் உதாரணம்

ஒரு வருட டிப்ளோமா ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நாங்கள் போட்ட கணக்கு. உங்கள் நிறுவனத்தின் தொகைகளை இதே முறையில் எழுதிப் பாருங்கள்.

பதிவுக் கட்டணம்: ரூ. 6,000 (சேரும்போது)
முதலாம் தவணை: ரூ. 30,000 (சேரும்போது)
இரண்டாம் தவணை: ரூ. 30,000 (ஐந்தாம் மாதம்)
மூன்றாம் தவணை: ரூ. 30,000 (ஒன்பதாம் மாதம்)
பரீட்சைக் கட்டணம்: ரூ. 5,000 (பன்னிரண்டாம் மாதம்)
மொத்தம்: ரூ. 101,000

"முப்பதாயிரம்தானே" என்று தொடங்கிய படிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. சேரும் நாளில் கையில் இருக்க வேண்டியது 36,000. அடுத்த தவணைக்கு நான்கு மாதம் இருக்கிறது. 30,000 ரூபாவை நான்கால் பிரித்தால் மாதம் 7,500. நாட்கூலி வேலை செய்பவர்கள் இதை வாரக் கணக்காகப் பார்ப்பது நல்லது. வாரத்துக்கு ஏறக்குறைய 1,800 ரூபா.

இதோடு பஸ் செலவையும் சேருங்கள். நாளொன்றுக்கு 200 ரூபா, மாதம் 22 நாள் என்றால் 4,400 ரூபா. ஆக இந்தக் குடும்பம் மாதாமாதம் 11,900 ரூபா ஒதுக்க வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் மாணவர் சீசன் எடுக்க முடியுமா என்று டிப்போவில் கேளுங்கள். கிடைத்தால் இந்தச் செலவு நன்றாகக் குறையும்.

கணக்கைப் பார்த்ததும் முடியாது என்று தெரிந்தால் அதுவும் நல்லதே. பணம் கட்டிவிட்டு நடுவில் நிற்பதைவிட, கட்டணமில்லாத முழுநேரப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுச் சில மாதம் காத்திருப்பது மேல்.

பணம் சேர்ப்பதற்குச் சில வழிகள்:

சம்பள நாளையும் தவணை நாளையும் பொருத்துங்கள். தோட்டச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். தவணை ஐந்தாம் திகதி என்றால் ஒவ்வொரு முறையும் பிந்தத்தான் செய்யும். சேரும்போதே, "எங்களுக்குச் சம்பளம் பத்தாம் திகதி. தவணையைப் பதினைந்தாம் திகதி ஆக்கித் தர முடியுமா?" என்று கேளுங்கள். இதற்குச் செலவில்லை.

சீட்டுப் பிடிப்பவர்கள், தவணை வரும் மாதத்தில் சீட்டை எடுக்கும்படி முன்னதாகவே பேசிவையுங்கள்.

பிள்ளையின் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, படிப்புப் பணத்தை அதில் மட்டும் போடுங்கள். அரிசிக் காசோடு கலந்தால் அது அரிசிக்குத்தான் போகும்.

மீள்குடியேற்ற உதவித் தொகை கிடைத்த குடும்பங்கள், அதை முழுவதும் ஒரே தவணைக்குக் கட்டிவிட வேண்டாம். வீட்டுக் கூரை, மலசலகூடம், தொழிலுக்கான முதல் என்பவையும் காத்திருக்கின்றன. அடுத்த தவணைக்கு வருமானம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் முதல் தவணை கட்டுவதில் பயனில்லை.

வாராந்தம் வீட்டு வாசலில் வந்து அறவிடும் நுண்கடனை வாங்கிக் கட்டணம் கட்ட வேண்டாம். நகையை அடகு வைப்பதானால் வங்கியில் வையுங்கள். மீட்கும் திகதியைக் கட்டணத் திகதியோடு சேர்த்து எழுதி வையுங்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

வங்கி வைப்புச் சீட்டில் பிள்ளையின் முழுப் பெயர், பதிவிலக்கம், எந்தத் தவணை என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். தந்தையின் பெயரில் பணம் போய், மாணவியின் பெயரில் வரவு விழாமல் போன சம்பவங்கள் உண்டு.

வங்கியில் பணம் போட்டதோடு வேலை முடியாது. சீட்டின் பிரதியை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கொடுத்து, அவர்களின் பற்றுச்சீட்டை வாங்குங்கள். பணம் வைப்பிடும் இயந்திரம் தரும் சீட்டில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோப் பிரதி எடுங்கள். கைத்தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள்.

தனி ஆளிடம் கையில் பணம் கொடுக்க வேண்டாம். "நான் கட்டிவிடுகிறேன்" என்று சொல்பவர் தெரிந்தவராக இருந்தாலும், பற்றுச்சீட்டு வரும்வரை அது கட்டப்படாத பணம்தான்.

கடைசி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். போயா தினத்தில் வங்கி மூடியிருக்கும். எசல பெரஹரா நாட்களில் கண்டி நகர வீதிகள் மூடப்படும். தெல்தோட்டையிலிருந்தோ பன்விலையிலிருந்தோ வரும் பஸ் நகருக்குள் நுழையவே நேரமெடுக்கும். மழைக்காலத்தில் மண்சரிந்து பாதை அடைபடுவதும் நமக்குப் புதிதல்ல. கடைசித் திகதிக்கு ஒரு வாரம் முந்திய நாளை உங்கள் சொந்தக் கடைசித் திகதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்ட முடியாமல் போனால்

முதலாவது, வகுப்புக்குப் போவதை நிறுத்த வேண்டாம். பணம் இல்லை என்று பிள்ளை வீட்டில் நின்றால் வரவு குறையும். பின்னர் பணம் கட்டினாலும், வரவு போதாது என்று பரீட்சைக்கு விடமாட்டார்கள். ஒரு பிரச்சினை இரண்டாகும்.

இரண்டாவது, கையில் இருப்பதைக் கட்டுங்கள். பத்தாயிரம்தான் இருக்கிறது என்றால் பத்தாயிரத்தைக் கட்டி பற்றுச்சீட்டு வாங்குங்கள். கட்ட மனம் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேறில்லை.

மூன்றாவது, திகதிக்கு முன்னர் எழுத்தில் அறிவியுங்கள். வாயால் சொன்னதை அடுத்த மாதம் வேறொருவர் மேசையில் இருக்கும்போது நிரூபிக்க முடியாது. கீழே ஒரு மாதிரிக் கடிதம் தந்திருக்கிறோம்.

திகதி: ..................

பதிவாளர் அவர்களுக்கு,
(நிறுவனத்தின் பெயரும் முகவரியும்)

ஐயா / அம்மணி,

இரண்டாம் தவணைக் கட்டணத்துக்குக் கால அவகாசம் கோரல்

நான் தங்கள் நிறுவனத்தில் .................. பாடநெறியைப் பயில்கிறேன். எனது பதிவிலக்கம் ................... இம்மாதம் ....... ஆம் திகதிக்கு முன்னர் நான் செலுத்த வேண்டிய தொகை ரூ. 30,000 ஆகும்.

எனது தந்தைக்குக் கடந்த மாதம் வேலை நாட்கள் குறைந்தமையால் முழுத் தொகையையும் இப்போது செலுத்த இயலவில்லை. இன்று ரூ. 10,000 செலுத்தியுள்ளேன். பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். மீதி ரூ. 20,000 ஐ அடுத்த மாதம் 15 ஆம் திகதி ரூ. 10,000, அதற்கடுத்த மாதம் 15 ஆம் திகதி ரூ. 10,000 என இரு பகுதிகளாகச் செலுத்துவேன்.

அதுவரை வகுப்புகளிலும் பரீட்சையிலும் தொடர்ந்து பங்குபற்ற அனுமதிக்குமாறும், தங்கள் முடிவை எழுத்தில் அறியத்தருமாறும் தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(பெயர், கையொப்பம், தொலைபேசி இலக்கம்)

இந்தக் கடிதத்தில் ஐந்து விடயங்கள் இருக்கின்றன: காரணம், இன்று கட்டிய தொகை, மீதி கட்டும் திகதிகள், தொடர்ந்து படிக்க அனுமதி, எழுத்தில் பதில். துன்பக் கதையை நீளமாக எழுதத் தேவையில்லை. நீங்கள் கொடுக்கும் திகதிகள் உங்களால் உண்மையில் காப்பாற்றக்கூடியவையாக இருக்கட்டும்; சொன்ன திகதியைத் தவறவிட்டால் இரண்டாவது கடிதத்துக்கு மதிப்பிருக்காது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள். கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழை இணைத்தால் இன்னும் நல்லது.

அரச நிறுவனங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம். கண்டி மாவட்டத்தில் நிர்வாகம் பெரும்பாலும் சிங்களத்தில் நடந்தாலும், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தருகிறது. தனியார் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் எங்கள் அலுவலகத்தில் எழுதித் தருவோம்.

கட்டணத்துக்கு உதவி கிடைக்கும் இடங்கள்

மஹபொல: 1981 இல் தொடங்கப்பட்ட இந்தப் புலமைப்பரிசில், அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்கு மாதாந்தம் வழங்கப்படுவது. மஹபொல கிடைக்காதவர்கள் பல்கலைக்கழக நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும்.

வட்டியில்லா மாணவர் கடன்: உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்கள், அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களில் பட்டம் படிப்பதற்கானது. 2017 முதல் நடைமுறையில் உள்ளது. இது இலங்கை உயர்தரப் பெறுபேற்றை அடிப்படையாகக் கொண்டது. கடன் என்பதால் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம்: இந்தியத் தூதரகத்தின் ஊடாக நடைபெறும் இந்த நிதியம், தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் புலமைப்பரிசில் வழங்குகிறது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். தோட்டத்தில் வேலை செய்கிறோம் என்பதற்கான சான்று தேவைப்படும்.

அஸ்வெசும: 2023 முதல் வழங்கப்படும் நலன்புரிக் கொடுப்பனவு. இது கல்விக்கென்று தருவதல்ல. ஆனாலும் மாத வருமானத்தில் ஒரு நிச்சயமான பகுதி இருந்தால் தவணையைத் திட்டமிடுவது எளிது. உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

எந்த உதவியும் விண்ணப்பித்த மறுநாள் கிடைக்காது. உதவி வரும் என்று நம்பி தவணையைக் கட்டாமல் விட வேண்டாம். விண்ணப்பித்ததற்கான சான்றைக் கால அவகாசக் கடிதத்தோடு இணையுங்கள். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1919 என்ற இலக்கத்தை அழையுங்கள். அரசாங்கத் தகவல் நிலையத்தில் தமிழிலும் பதில் சொல்வார்கள்.

ஆவணங்கள் தயாராக இருக்கட்டும்

உதவிக்கோ பதிவுக்கோ போகும்போது குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது ஆவணத்தில்தான். இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிறப்பும் இலங்கைக் குடியுரிமையும் பதியப்பட்டிருக்க வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதியாமல் வந்தவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விசாரிக்க வேண்டும். அதற்குக் கண்டியிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. அடுத்தது தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், மதிப்பெண் பட்டியல், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ். இவற்றில் ஒன்று பிந்தினால் பதிவும் பிந்தும். பதிவு பிந்தினால் பணம் கையில் இருந்தும் திகதி போகும். எனவே பாடநெறிக்கு விண்ணப்பிக்கும் முன்னரே ஆவண வேலையைத் தொடங்குங்கள்.

திகதி ஏற்கனவே போய்விட்டதா?

அப்படியானாலும் போய்ப் பேசுங்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: தாமதக் கட்டணத்தோடு இப்போது சேர்த்துக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் அடுத்த பிரிவுக்கு மாற்ற முடியுமா? அப்படி மாறினால் இதுவரை கட்டிய பணமும் சித்தியடைந்த பாடங்களும் கணக்கில் எடுக்கப்படுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொடர முடியவே முடியாது என்றால், இதுவரை படித்த பாடங்களுக்கான பெறுபேற்றுக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வேறோர் இடத்தில் சேரும்போது உதவும்.

பணம் இல்லை என்று சொல்லும்போது பிள்ளை தலைகுனிந்து நிற்கத் தேவையில்லை என்பதைப் பெற்றோர் வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். கட்டணம் பிந்துவது மீள்திரும்பிய குடும்பங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. பதிவாளர்கள் மாதந்தோறும் பார்ப்பதுதான். பிள்ளை தனியாகப் போகத் தயங்கினால் தாயோ தந்தையோ கூடப் போங்கள். தேவையானால் எங்கள் உத்தியோகத்தர் ஒருவரும் வருவார்.

இந்தக் கையேட்டின் பின் அட்டையில் ஓர் அட்டவணை இருக்கிறது. பிள்ளையின் பெயர், பதிவிலக்கம், ஒவ்வொரு தவணையின் தொகை, கடைசித் திகதி, அதற்கு ஒரு வாரம் முந்திய திகதி என்பவற்றை இன்றைக்கே அதில் எழுதி, சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.